தையல் தாங்குமா என்பது பாதிக் கேள்விதான்

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதி சிசேரியனில்தான் பிறக்கின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குப்படி 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அதற்கு முந்தைய ஆய்வில் மாநிலத்தின் மொத்த அளவு 34.1ஆக இருந்தது. இந்த எண்களைப் பற்றிய பேச்சு எப்போதும் முதல் சிசேரியனோடு நின்றுவிடுகிறது: அவசியமாகச் செய்தார்களா, அவசரப்பட்டுச் செய்தார்களா, பணத்துக்காகச் செய்தார்களா என்று. அதே பெண் இரண்டாவது முறை உண்டாகி வரும்போது என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க ஒன்றுமில்லை என்ற நினைப்புதான் காரணம். “முதல் குழந்தை ஆபரேஷனா? அப்ப இதுவும் ஆபரேஷன்தான்” என்று, டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்பே, எடை பார்க்கும் இடத்திலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. வீட்டிலும் மாற்றுக் கருத்து கிடையாது. நாள் நட்சத்திரம் பார்ப்பது மட்டுமே பாக்கி. பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்புக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அதற்காக, “தைரியமா இரு, எல்லாம் நார்மலா ஆகிடும்” என்று முதுகில் தட்டி அனுப்புவதற்கும் ஆதாரம் இல்லை. சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்வது ஆபத்தா என்ற கேள்விக்கான விடை பாதி கர்ப்பப்பையில் இருக்கிறது. மறுபாதி பிரசவம் நடக்கும் மருத்துவமனையில் இருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் பார்த்து முடிவெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற விதி நூறாண்டுக்கு மேல் பழையது. 1916இல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் எட்வின் கிராகின் ஒரு கட்டுரையில் அதை எழுதினார். அவர் காலத்துச் சிசேரியன் வேறு மாதிரியானது. கர்ப்பப்பையின் மேல்பகுதியில், தசை தடித்திருக்கும் இடத்தில், மேலிருந்து கீழாகக் கீறுவார்கள். பிரசவ வலியின்போது இறுகிச் சுருங்குவது அந்தப் பகுதிதான். அதனால் அடுத்த பிரசவத்தில் அந்தத் தழும்பு விரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. கிராகின் அந்த வரியை எழுதியதன் நோக்கமும், முதல் சிசேரியனை யோசிக்காமல் செய்யாதீர்கள், அது அந்தப் பெண்ணின் பின்வரும் பிரசவங்களையும் கட்டிப்போட்டுவிடும் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதுதான். விதிக்கு விலக்கு உண்டு என்று அவரே அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கர்ப்பப்பையின் மெல்லிய கீழ்ப்பகுதியில் குறுக்குவாட்டில் கீறும் முறையைப் பரப்பினார். இன்று நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை அந்த முறைதான். கீழ்ப்பகுதி வலியின்போது சுருங்குவதில்லை, நீண்டுகொடுக்கிறது. குறுக்குத் தையல் நன்றாக ஆறுகிறது. அறுவை முறை மாறியது; அந்தப் பழைய முறையைப் பார்த்து எழுதிய வரி மட்டும் மாறாமல் நம் ஊர்வரை வந்து சேர்ந்தது.

குறுக்குத் தழும்போடு பிரசவ வலிக்குக் காத்திருந்தால் என்ன ஆகும்? பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முன்பு ஒரு சிசேரியன் ஆகி, இம்முறை சுகப்பிரசவத்துக்குத் திட்டமிடும் பெண்களில் 72 முதல் 75 சதவீதம் பேருக்கு அது கைகூடுகிறது. சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவமும் ஆனவர்களுக்கு 85 முதல் 90 சதவீதம். எல்லோரும் அஞ்சும் ‘தையல் பிரிவது’, அதாவது வலியின்போது தழும்பு வழியாகக் கர்ப்பப்பை கிழிவது, ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு நேர்கிறது. 200இல் ஒன்று என்பதைச் சிறிய எண் என்று தள்ளிவிட முடியாது. நேர்ந்தால் குழந்தைக்கு ஆக்சிஜன் தடைபடும், தாய்க்குக் கடும் ரத்தப்போக்கு, சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். ஆனால் கிழிவது என்பதும் குழந்தை பாதிக்கப்படுவது என்பதும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் மருத்துவமனை உள்ளே வருகிறது.

2004இல் அமெரிக்காவில் மார்க் லேண்டன் தலைமையில் வெளிவந்த ஆய்வு இத்துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயன்ற 17,898 பெண்களை அது தொடர்ந்து கவனித்தது. 73.4 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆனது. 124 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது, 0.7 சதவீதம். அப்படிக் கிழிந்ததால் ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தைகள் ஏழு. அவர்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொண்ட 15,801 பேரின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட இந்த மூளைப் பாதிப்பு வரவில்லை. இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் மறைப்பவர் யாராயினும் நேர்மையாகப் பேசவில்லை என்று பொருள். ஆனால் 124க்கும் 7க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கர்ப்பப்பை கிழிந்தும் பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கதிக்கு ஆளாகாமல் தப்பியது எப்படி? அந்த ஆய்வு நடந்த 19 மையங்களும் பல்கலைக்கழக மருத்துவமனைகள். குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் பதிவு செய்யும் கருவி, அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், தயாராக இருக்கும் அறுவை அரங்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த இடங்கள். கர்ப்பப்பை கிழிவதற்கு முதல் அறிகுறி பெரும்பாலும் தாயின் வலியில் தெரிவதைவிடக் குழந்தையின் இதயத்துடிப்பில்தான் தெரியும். அது தெரிந்த நேரத்திலிருந்து ஏறத்தாழ 18 நிமிடத்துக்குள் வெளியே எடுத்த குழந்தைகள் நலமாக இருந்ததாக இன்னொரு அமெரிக்க ஆய்வு காட்டியது. தையல் எவ்வளவு உறுதி என்பதைப் போலவே, அந்த நிமிடங்கள் எப்படிச் செலவாகின்றன என்பதும் விதியைத் தீர்மானிக்கிறது.

இது வெறும் ஊகமா என்று கேட்டால், அமெரிக்காவின் கடந்த நாற்பது ஆண்டுக் கதையே சாட்சி. 1980இல் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு, தகுதியுள்ள பெண்கள் சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்றது. விகிதம் ஏறியது. காப்பீட்டு நிறுவனங்கள் செலவு குறைவதைக் கண்டு அதைத் திணிக்கவே தொடங்கின. 1996இல், முன்பு சிசேரியன் ஆனவர்களில் 28.3 சதவீதம் பேர் சுகப்பிரசவம் கண்டனர். யாருக்குச் செய்யலாம், எங்கே செய்யலாம் என்று பார்க்காமல் எல்லோரையும் தள்ளியதில் விபத்துகள் நேர்ந்தன, வழக்குகள் குவிந்தன. 1999இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, அவசரச் சிசேரியனுக்கான குழு ‘உடனடியாக’ கையருகே இருக்க வேண்டும் என்று எழுதியது. சிறிய மருத்துவமனைகள் வரிசையாக இந்த முயற்சியையே கைவிட்டன; 2004இல் விகிதம் 9.2 சதவீதத்துக்கு இறங்கியது. எட்டே ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்களின் கர்ப்பப்பை பலவீனமாகிவிடவில்லை. மாறியவை மருத்துவமனையின் பணிமுறை, காப்பீடு, வழக்கறிஞர் நோட்டீஸ் இவைதான். 2010இல் அதே தேசிய நிறுவனம் மீண்டும் மாநாடு கூட்டி, பல பெண்களுக்கு இது நியாயமான தேர்வுதான் என்று சொல்ல வேண்டிவந்தது.

இந்தக் கண்ணாடியை நம் ஊர்ப் பக்கம் திருப்பலாம். ஒரு நகரத்துத் தனியார் நர்சிங் ஹோமில் மகப்பேறு மருத்துவர் ஒருவர், அதே மாடியில் குடியிருப்பார். மயக்க மருந்து டாக்டர் நாலைந்து மருத்துவமனைகளுக்குப் பொதுவானவர், போன் செய்தால் வருவார். ரத்தம் வேறு தெருவில். இரவு இரண்டு மணிக்குக் குழந்தையின் துடிப்பு இறங்கினால் எல்லோரையும் கூட்டிச் சேர்க்க முக்கால் மணி நேரமாவது ஆகும். இப்படிப்பட்ட இடத்தில், “நான் இங்கே ரிஸ்க் எடுக்க மாட்டேன்” என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் பணத்தாசை பிடித்தவர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவர் தன் இடத்தின் எல்லையை அறிந்து பேசுகிறார். குறை வேறிடத்தில் இருக்கிறது. “என் மருத்துவமனையில் முடியாது, ஆனால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது, வசதியுள்ள இடத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்” என்ற இரண்டாவது வாக்கியம் சொல்லப்படுவதில்லை. முடியாது என்பது அந்தக் கட்டடத்தைப் பற்றிய உண்மை. அதைப் பெண்ணின் உடம்பைப் பற்றிய உண்மையாக மாற்றிச் சொல்லிவிடுகிறோம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், ‘சீமாங்க்’ என்று அழைக்கப்படும் அவசரகால மகப்பேறு மையங்களிலும் 24 மணி நேரமும் அறுவை அரங்கும் மயக்க மருந்து வசதியும் ரத்தமும் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பல தனியார் மருத்துவமனைகளைவிட இந்த விஷயத்தில் அவை மேல். ஆனால் அங்கே வேறு நெருக்கடி. வலியில் இருக்கும் ஒரு பெண்ணின் குழந்தைத் துடிப்பைப் பல மணி நேரம் இடைவிடாமல் ஒரு செவிலியர் கவனிப்பது, நிரம்பி வழியும் பிரசவ வார்டில் எளிதல்ல. ஆகவே பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்க மருந்து டாக்டர் வளாகத்திலேயே இருப்பாரா? குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவி எனக்குக் கிடைக்குமா? முடிவெடுத்த பிறகு குழந்தையை வெளியே எடுக்க இங்கே வழக்கமாக எவ்வளவு நேரமாகிறது? கடந்த ஆண்டு இங்கே எத்தனை பேர் இப்படி முயன்றார்கள், எத்தனை பேருக்குக் கைகூடியது? இவை டாக்டரைக் குறுக்குவிசாரணை செய்யும் கேள்விகள் அல்ல. இந்த முயற்சியை முறையாகச் செய்யும் இடத்தில் இவற்றுக்குப் பதில் தயாராக இருக்கும். திணறினால் அதுவும் ஒரு பதில்தான்.

கர்ப்பப்பையின் பாதியைப் பற்றிப் பேசத் தேவையானது ஒரு காகிதம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா ஊருக்குப் போவாள், அங்கேயே பிரசவம் ஆகும், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் திரும்புவாள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கணவன் ஊர் அல்லது வேலைபார்க்கும் ஊர். டிஸ்சார்ஜ் சம்மரி அம்மா வீட்டு பீரோவில் தங்கிவிடும். புது டாக்டருக்கு முன் இருப்பது அடிவயிற்றுத் தழும்பு மட்டும். அது உள்ளே கர்ப்பப்பையில் எந்தத் திசையில் கீறினார்கள் என்பதைக் காட்டாது. வெளித்தோலில் குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக இருக்கலாம்; குறைமாதம், குழந்தை குறுக்கே கிடந்த நிலை போன்ற சமயங்களில் அப்படிக் கீற நேரிடுவது உண்டு. நெடுக்குக் கீறலோ, தலைகீழான டி வடிவக் கீறலோ ஆனவர்களும், முன்பே கர்ப்பப்பை கிழிந்தவர்களும், இம்முறை நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருப்பவர்களும் வலிக்குக் காத்திருக்கக் கூடாது. இவர்களுக்கு நாள் குறித்த சிசேரியன்தான் சரி. இதில் விவாதத்துக்கு இடமில்லை. கட்டி அகற்றக் கர்ப்பப்பைத் தசையை ஆழமாகக் கீறியவர்களும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான். இதையெல்லாம் சொல்லக்கூடியது அந்த அறுவைக் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சிசேரியன் செய்யப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், பழைய மருத்துவமனைக்கே எழுதிக்கேட்டு முழுக் குறிப்பை வாங்குவது, ஐந்தாம் மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை. நோயாளி கேட்டால் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை.

அதே காகிதம் இன்னொன்றையும் சொல்லும்: முதல்முறை ஏன் சிசேரியன் ஆனது? வெற்றி வாய்ப்பைக் கணிப்பதில் இதற்கு ஈடான தகவல் குறைவு. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் பக்கம் வந்தது, அல்லது திடீரென்று துடிப்பு குறைந்தது என்றால் அந்தக் காரணம் இம்முறை திரும்ப வர வேண்டிய கட்டாயம் இல்லை. வாய்ப்பு நன்றாகவே இருக்கும். பல மணி நேர வலிக்குப் பிறகும் வாய் திறக்கவில்லை, தலை இறங்கவில்லை என்பதற்காகச் செய்திருந்தால் வாய்ப்பு சற்றுக் குறையும், ஆனாலும் அப்படிப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் “தண்ணி குடிச்சிடுச்சு”, “கொடி சுத்தியிருந்துச்சு”, “இடுப்பெலும்பு சின்னது” ஆகியவற்றை அப்படியே நம்பிவிடாமல் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ‘இடுப்பெலும்பு சின்னது’ என்று முதல் பிரசவத்தில் முத்திரை குத்தப்பட்ட பலர் இரண்டாவது குழந்தையைச் சுகமாகவே பெற்றிருக்கிறார்கள். உடல் பருமன், நாற்பதை நெருங்கும் வயது, சர்க்கரையால் பெரிதாகிவிட்ட குழந்தை இவை வாய்ப்பைக் குறைக்கும். இரண்டு பிரசவத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டுகூட ஆகாவிட்டால் தையல் பிரியும் ஆபத்து கூடும். இதையெல்லாம் போட்டுச் சதவீதம் சொல்லும் கணக்கிகள் இணையத்தில் உண்டு. அவற்றில் மிகப் பிரபலமான அமெரிக்கக் கணக்கி 2021 வரை பெண்ணின் இனத்தையும் ஒரு காரணியாகச் சேர்த்து, கறுப்பினப் பெண்களின் வாய்ப்பைத் தானாகவே குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. கண்டனம் எழுந்த பிறகே மாற்றினார்கள். ஆகவே திரையில் வரும் எண்ணைப் பேச்சுக்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக அல்ல.

நம் ஊரில் எட்டாம், ஒன்பதாம் மாத ஸ்கேனுக்குப் பிறகு, “தையல் போட்ட இடம் ரொம்ப மெலிசா இருக்கு, ரெண்டு மில்லிமீட்டர்தான்” என்று ஒரு வாக்கியம் வருவது வழக்கம். அதோடு கதை முடிந்துவிடும். தழும்பு மெலிய மெலிய ஆபத்து கூடும் என்பதில் உண்மை உண்டு. எந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்து என்பதில் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட எண் எதுவும் இல்லை. அளக்கும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஸ்கேன் கருவியைப் பிடிக்கும் கையிலேயே வந்துவிடலாம். பெரிய வழிகாட்டுதல்கள் எதுவும் இந்த ஒரு அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. மற்ற எல்லாம் சாதகமாக இருந்து ஸ்கேன் எண் மட்டும் தடையாக நின்றால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தப்பில்லை.

வலி தானாக வருவதா, வரவழைப்பதா என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருபதாயிரம் பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2001இல் வெளியான ஆய்வில், வலி தானாக வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5.2 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது. மருந்தால் வலி வரவழைத்தபோது அது 7.7ஆனது. கர்ப்பப்பை வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்துகளைப் பயன்படுத்தியபோது 24.5. வலியே இல்லாமல் மறுசிசேரியன் செய்தவர்களிடமும் 1.6 இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மிசோபிரோஸ்டால் மாத்திரை இவ்வகையில் மலிவானது, எங்கும் கிடைப்பது. சிசேரியன் தழும்பு உள்ளவருக்கு நிறைமாதத்தில் வலி வரவழைக்க அதைக் கொடுக்கவே கூடாது. “தேதி தாண்டிடுச்சு, மாத்திரை வச்சுப் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால், எந்த மாத்திரை என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப்பை மிகக் கவனமாக, கண்காணிப்போடு பயன்படுத்தலாம். கர்ப்பப்பை வாயில் பலூன் வைத்து விரிப்பதும் ஒரு வழி. ஆனால் திட்டத்தின் அடிப்படை, தானாக வரும் வலிக்குக் காத்திருப்பதுதான். எத்தனை வாரம்வரை காத்திருப்பது, அதுவரை வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வரலாம். முதலாவதும் வலுவானதும் இது: குழந்தைக்கு ஆபத்து சிறியதாக இருந்தாலும், சிசேரியனில் அதைவிடச் சிறியது என்றால், ஏன் அந்தச் சிறிதையும் ஏற்க வேண்டும்? எண்களில் இந்த வாதம் சரிதான். ராயல் கல்லூரியின் கணக்கில், சுகப்பிரசவத் திட்டத்தில் மூளைப் பாதிப்பு பத்தாயிரத்துக்கு எட்டு. நாள் குறித்த சிசேரியனில் ஒன்றுக்கும் கீழே. பிரசவத்தை ஒட்டிய குழந்தை மரணம் சுகப்பிரசவத் திட்டத்தில் பத்தாயிரத்துக்கு நான்கு. ஆனால் இந்த நான்கு என்பது முதல் பிரசவத்துக்காக வலிக்குக் காத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் உள்ள அதே அளவு. அந்தப் பெண்ணிடம், ஆபத்து இருக்கிறது, சிசேரியன் செய்துகொள் என்று நாம் சொல்வதில்லை. அதேபோல் தாயின் பக்கத்தையும் எழுத வேண்டும்: அதே வழிகாட்டுதலின்படி தாய் மரணம் சுகப்பிரசவத் திட்டத்தில் லட்சத்துக்கு 4, மறுசிசேரியனில் 13. இரண்டுமே மிகச் சிறிய எண்கள்தான். குழந்தைக்கான சிறிய எண்ணைப் பெரிதாக்கிக் காட்டி, தாய்க்கான சிறிய எண்ணைச் சொல்லாமல் விடும்போதுதான் தராசு சாய்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் தமிழ்நாட்டுக்கே உரியது, இதற்கு முழுமையான பதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிசேரியன் திரும்பத் திரும்பச் செய்வதன் பெரிய கேடு பின்வரும் கர்ப்பங்களில்தான் தெரியும். நச்சுக்கொடி கீழே இறங்கிப் பழைய தழும்பின் மேல் ஒட்டி, பிரிக்க முடியாதபடி கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விடும் நிலை ஒன்று உண்டு. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நச்சுக்கொடி கீழே இருந்தவர்களில் முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு இது 11 சதவீதம், இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதம். ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏற்றி, கர்ப்பப்பையை அகற்றித்தான் பலரைக் காப்பாற்ற முடியும். ஆனால் நம் குடும்பங்கள் இரண்டோடு நிறுத்துகின்றன. “ரெண்டாவதையும் ஆபரேஷன் பண்ணி, அதோட குடும்பக் கட்டுப்பாடும் முடிச்சிடலாம், ஒரே வேலை” என்ற கணக்கு கேட்க நியாயமாகவே இருக்கிறது. இரண்டோடு நிச்சயமாக நிறுத்தப்போகும் பெண்ணுக்கு மறுசிசேரியனின் நீண்டகாலக் கேடு கணிசமாகக் குறைகிறது என்பதை மறுக்க முடியாது. மறுக்கக்கூடியது ‘ஒரே வேலை’ என்ற பகுதிதான். சுகப்பிரசவம் ஆன ஓரிரு நாளில் தொப்புளுக்குக் கீழே சிறு கீறலில் குடும்பக் கட்டுப்பாடு செய்வது பல பத்தாண்டுகளாக நம் அரசு மருத்துவமனைகளில் நடந்துவருவது. அதற்காக வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை. தவிர, இரண்டாவது சிசேரியன் முதலாவதைப் போல இருக்காது. குடலும் சிறுநீர்ப்பையும் தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். நாற்பதுகளில் வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்க நேர்ந்தாலும் அந்த ஒட்டல் தொல்லை தரும். கைக்குழந்தையோடு மூன்று வயதுப் பிள்ளையையும் தூக்க வேண்டிய தாய்க்கு எழுந்து நடமாட எத்தனை நாளாகிறது என்பதும் சில்லறை விஷயமல்ல.

மூன்றாவது: முயன்று, பாதியில் கைவிட்டு அவசரச் சிசேரியன் ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம் இல்லையா? ஆமாம். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று உள்ளிட்ட சிக்கல்களில் பெரும்பகுதி, முயன்றும் கைகூடாத அந்த நாலில் ஒருவரிடம்தான் சேர்கின்றன. கைகூடியவர்களிடம்தான் மிகக் குறைவு. நாள் குறித்த சிசேரியன் நடுவில் நிற்கிறது. அதனால்தான் வாய்ப்புக் கணக்கு முக்கியமாகிறது. எண்பது சதவீத வாய்ப்புள்ளவருக்கு முயற்சி நல்ல தேர்வு. ஐம்பதுக்கும் கீழே இருப்பவர் நாள் குறித்த சிசேரியனைத் தேர்ந்தால் அது பயந்துபோய் எடுத்த முடிவாகாது, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. ஏற்கெனவே சுகப்பிரசவம் ஒன்றும் சிசேரியன் ஒன்றும் ஆன பெண்ணைக்கூட, தழும்பைக் காட்டி நேராக அறுவை அரங்குக்கு அனுப்புவதுதான் எந்தக் கணக்கிலும் சேராதது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மருத்துவமனையே வேண்டாம், உடம்புக்குத் தெரியும், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று காணொலிகளில் பேசுகிறவர்கள். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனதைத் தமிழகம் பார்த்தது. தழும்புள்ள கர்ப்பப்பையோடு அப்படி முயல்வது இன்னும் ஒரு படி மேலான விபரீதம், ஏனென்றால் மேலே சொன்ன எல்லா நல்ல எண்களும் அறுவை அரங்கு பக்கத்தில் இருந்த இடங்களிலிருந்து வந்தவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் திறமையாகப் பிரசவம் பார்ப்பார் என்றாலும் இந்தப் பிரசவம் அங்கே நடக்கக் கூடாது. ‘பிக்மி’ எனப்படும் அரசின் கர்ப்பப் பதிவு அங்கே இருக்கலாம், பிரசவத்துக்கு வேறிடம்தான். சுகப்பிரசவத்தைப் பெண்ணின் பெருமையாகவும் சிசேரியனைத் தோல்வியாகவும் பேசும் உறவினர்களும் இந்தக் கூட்டத்துக்குத் தெரியாமலே துணைபோகிறார்கள். பெருமைக்காக முயல்பவர், துடிப்பு குறைகிறது, இனி காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் நிமிடத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு இங்கே நேரமில்லை.

திட்டமிடுதல் என்று சொல்வது ஏறத்தாழ இவ்வளவுதான். பழைய அறுவைக் குறிப்பு, மருத்துவமனை பற்றிய விசாரணை, தானாக வலி வரும்வரை காத்திருக்கும் கெடு, அதற்குப் பிறகு என்ன என்ற ஏற்பாடு இவை 36ஆம் வாரத்துக்குள் தாய்சேய் அட்டையிலோ கேஸ் ஷீட்டிலோ எழுத்தாக இருக்க வேண்டும். எழுதியிருந்தால்தான், வலியோடு போகும் இரவில் பணியில் இருக்கும் வேறொரு டாக்டருக்கும் அது தெரியும். வலி ஆரம்பித்ததும் வீட்டில் பொறுத்துப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். வலிக்கும் வலிக்கும் இடையிலும் குறையாத வயிற்றுவலி, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது இவற்றில் ஏதேனும் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி தழும்புள்ளவர்களுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை.

சிசேரியனையே தேர்ந்தவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். 39 வாரம் நிறைவதற்கு முன் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கூடுதல் என்பதால், நட்சத்திரத்துக்காக 37ஆம் வாரத்துக்குத் தேதியை முன்னே தள்ளுவது குழந்தையின் நுரையீரலை வைத்து ஜோசியம் பார்ப்பதாகும். அப்படி 39 வாரத்துக்கு மேல் தேதி குறித்துக் காத்திருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. பாதி இரவில், கர்ப்பப்பை வாய் பாதிக்கு மேல் திறந்த நிலையில் அவர் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, இனிமேலும் கீற வேண்டுமா, விட்டுவிட்டால் அரை மணியில் தானாகப் பிறந்துவிடுமா என்ற கேள்வி அங்கே எழும். அதற்கான பதிலையும் அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அதே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.